திறவாத டிக்கி: ஒரு மின்வழுவை நாடும் முறை

ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களின் டிக்கியைத் திறப்பதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பிடியைத் திருகினால் உள்ளிருக்கும் கொளுக்கி விலகும், அவ்வளவே. 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய காலத்தில், சில துளி பெற்றோலால் எந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்ட கார்களும் இத்தகையனவே. பற்றறி செத்தவிடத்தும் நாலுபேர் தள்ளினால் அவை புறப்பட்டன. டிக்கியும் மறுப்பின்றித் திறந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் குடாநாட்டிற்கு வந்து சேர்ந்த யப்பானியக் கார்களின் இயல்பு வேறு. அவற்றுட் பலவற்றில், டிக்கியென நாம் வழங்கும் பின்கதவில் திருகும் பிடியும் இல்லை, சாவித்துவாரமும் இல்லை. விரலால் ஓர் ஆளியை, அதாவது சுவிற்சை, அழுத்த வேண்டும். கதவினுள் இருக்கும் சிறு மோட்டர் கொளுக்கியை இழுக்க வேண்டும். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதாதலின், இக்கார்கள் நம்மிடையே நெடுங்காலம் உழைத்து முதுமை எய்தின. முதுமையில் வரும் பிணிகளுள் ஒன்று பின்கதவு திறவாமை. கம்பி ஒன்று அறுந்ததற்காக முழுக் கொளுக்கித் தொகுதியையும் விலைகொடுத்து மாற்றி, மாற்றிய பின்னும் திறவாமை கண்டு திகைத்தோர் உளர். மாற்றுமுன் அளத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை கூற வந்த செய்தி.

முதலிற் செவியைப் பயன்படுத்துக. ஆளியை அழுத்தும்போது கதவினுள் ‘டக்’ என்னும் ஓசை எழுந்தும் கதவு அசையாதாயின், மோட்டர் உழைக்கின்றது என்று கொள்ளலாம். கொளுக்கியில் புழுதி இறுகியிருக்கலாம், அல்லது கதவு தாழ்ந்து பொருந்தாதிருக்கலாம். கோப்பாய், நீர்வேலிப் பகுதிச் செம்மண் புழுதியும் பழைய கிறீசும் சேர்ந்தால் நல்ல சாந்தாகிவிடும்! ஓசையே இல்லையாயின் மின்வழியை ஆராய்க. கதவுகள் யாவும் பூட்டு நீக்கப்பட்டுள்ளனவா, உள்விளக்கு எரிகின்றதா, உருகியாகிய பியூஸ் நன்றாயுள்ளதா என்பன ஐந்து நிமிடத்தில் முடியும் வினாக்கள். உள்விளக்கும் எரியாதாயின் பிழை பெரும்பாலும் பற்றறியிலேயே உண்டு.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில் 12 வோற்றுப் பற்றறி பின்புற மூலையில், பொருள் வைக்கும் தட்டின் கீழே உள்ளது. பற்றறி செத்தால் பின்கதவு திறவாது. பின்கதவு திறவாவிடில் பற்றறியை அணுக இயலாது. பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதை ஒக்கும் இது. அமைத்தவர்கள் இதற்கு இரு வழிகள் வைத்துள்ளனர். முன்மூடியைத் திறந்தால், உருகிப் பெட்டியினுள் சிவப்பு மூடியிட்ட முனை ஒன்று காணப்படும்; அயற்காரின் நேர்முனையை அதனோடும், எதிர்முனையை எந்திரப் பக்கத்து வெற்று உலோகத்தோடும் இணைத்தால் மின் கிடைக்கும். முனைகளை மாற்றி இணைப்பின் பெருஞ்சேதம் விளையும். மற்றையது, பின் ஆசனத்தை மடித்துவிட்டு உள்ளே தவழ்ந்து சென்று, பின்கதவின் கீழ்விளிம்பிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, அங்குள்ள நெம்பைக் கையால் தள்ளுதல். இந்நெம்பு இருக்குமிடத்தைக் காரை வாங்கிய அன்றே அறிந்து வைப்பது நன்று.

பற்றறி நன்று, கதவும் நெம்பினால் திறந்தது. இனி ஆளியைப் பார்ப்போம். இக்கார்களில் விரல்படும் இடத்தில் மென்மையான றப்பர் உறையுண்டு. ஆண்டுகள் பல வெயில் பட்டால் அது இளகிப் பாகுபோலாகி, பின் வெடிக்கும். வெடிப்பின் வழியே மழைநீர் ஆளியுட் புகும். ஆளியின் இரு கம்பிகளையும் கழற்றி ஒருகணம் ஒன்றோடொன்று தொடுவித்தால் மோட்டர் இயங்குமாயின், குற்றம் ஆளியினது.

அதுவும் இல்லையெனில், நான் முதலில் ஐயுறுவது கூரைக்கும் பின்கதவுக்கும் இடையே, பிணைச்சலின் அருகே செல்லும் றப்பர்க் குழாயை. கம்பிகள் யாவும் அதனூடே செல்கின்றன. கதவைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் அவை மடிகின்றன. செப்பிழைகள் ஒவ்வொன்றாய் அறும். மேலுறை முழுமையாயிருத்தலால் வெளியே ஒன்றும் தெரியாது. இலக்கத்தகட்டு விளக்கு, பின்கண்ணாடித் துடைப்பான் ஆகியவையும் உடன் பழுதுபட்டிருப்பின் ஐயம் வலுப்பெறும். ஒருநாள் திறந்து மறுநாள் திறவாதிருப்பதும் இதன் குறியே.

இனி மாணவர்கள் ஊன்றி நோக்கவேண்டிய இடத்திற்கு வந்துள்ளோம். மோட்டரின் செருகியிற் பல்மானியை வைத்தால் 12 வோற்றுக் காட்டுகின்றது. ஆதலின் கம்பி நன்று, மோட்டர் பழுது என்று முடிவு செய்வது பெருவழக்கு. அம்முடிவு பிழையாதல் கூடும். மோட்டரின் தடை 2 ஓம் என்று கொள்வோம். நல்ல கம்பியாயின் 12 வோற்று, 6 அம்பியரைச் செலுத்தும். இழைகள் அறுந்து ஓரிரண்டே எஞ்சியதாலோ, பொருத்தில் களிம்பேறியதாலோ 4 ஓம் தடை வழியிற் சேர்ந்தால் மொத்தத் தடை 6 ஓம். மின்னோட்டம் 2 அம்பியர். அதில் 8 வோற்று வழியிலேயே இழக்கப்பட, மோட்டருக்கு எஞ்சுவது 4 வோற்று. கொளுக்கி எங்ஙனம் விலகும்? ஆனால் பல்மானியின் உட்தடை ஏறக்குறைய ஒரு கோடி ஓம். மோட்டரைக் கழற்றிவிட்டு அளக்கும்போது அது இழுக்கும் ஓட்டம் மிக அற்பமாதலால், 4 ஓம் தடையில் இழக்கப்படுவது ஒரு வோற்றின் 2 இலட்சத்தில் ஒரு பங்கு. மானி 12 என்றே காட்டும். மானி பொய் சொல்லவில்லை. நாம் வினவிய வினாவே பிழை. 1827இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஓம் என்பார், அதற்கான சோதனைகளைக் கொலோன் நகரிற் பாடசாலை ஆசிரியராயிருந்தே செய்தார். ஆய்வுகூடத்தில் நாம் மனனம் செய்யும் அவ்விதி, காரின் பின்கதவில் இவ்வாறு பயன்படுகின்றது.

ஆதலின் சுமையோடு சோதிக்க. திரும்புகைச் சமிக்ஞைக்குரிய 21 உவாற்று விளக்கொன்றை மோட்டரின் இடத்திற் பொருத்தி, ஆளியை அழுத்துக. அது 1.75 அம்பியரை இழுக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னை இமைப்பொழுதே விடுமாதலின் நிழலில் நின்று பார்க்க வேண்டும்; மானியின் இலக்கம் நிலைபெறுமுன் அக்கணம் கழிந்துவிடும் என்பதும் விளக்கை விரும்புதற்கு ஒரு காரணம். பளிச்சென மின்னினால் வழி நன்று, மோட்டரே பழுது. மங்கிச் சிவந்தால் வழியில் தடையுண்டு. அப்போது விளக்கின் ஒரு முனையைக் கதவின் நிலக்கம்பியிலிருந்து நீக்கிக் காருடலின் சுத்தமான உலோகத்தில் தொடுவிக்க. ஒளி பெருகின் குற்றம் நிலக்கம்பியிலாம். கைதடிக்குச் செல்லும் வீதி உப்புநீரேரியைக் கடந்து செல்லும் நம்மூரில், உப்புக் காற்று நிலமுனைகளிற் பச்சைக் களிம்பை வளர்ப்பதில் வியப்பில்லை. ஒளி பெருகாவிடின் றப்பர்க் குழாயை வளைத்தும் நிமிர்த்தியும் மீண்டும் அழுத்துக; ஒரு நிலையில் பளிச்சிட்டு மறுநிலையில் மங்கினால் அறுந்த இடம் அகப்பட்டது. இவ்விளக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மெல்லிய சமிக்ஞைக் கம்பிகளில் ஒருபோதும் தொடுவிக்கலாகாது.

ஹைபிரிட் கார்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய பிரியஸின் பின் ஆசனத்தின் பின்னே 28 கூறுகள் கொண்ட பெரும் பற்றறி உண்டு; அதன் அழுத்தம் 201.6 வோற்று. செம்மஞ்சள் உறையிட்ட கம்பி எதனையும் தொடாதீர்கள். அது உயிரைக் கொள்ளும்.

அறுந்த கம்பியைப் பழுதுபார்க்கையில், இழையை முறுக்கி நாடா சுற்றிவிடுதல் சில வாரங்களுக்கே போதும். மடியும் பகுதியை முழுமையாய் நீக்கி, நெகிழும் இயல்புடைய நுண்ணிழைக் கம்பியை இட்டு, ஒட்டுகள் றப்பர்க் குழாய்க்கு இருபுறமும் வெளியே அமையுமாறு ஈயத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் விறைப்பாதலால் மடிப்பினுள் இருப்பின் மறுபடியும் அங்கேயே அறும். பின்னர் விளக்குகளை ஏற்றிவிட்டு, கதவை இருபது முறை மூடித் திறக்க. இலக்கத்தகட்டு விளக்கை மற்றொருவர் பார்த்து நிற்கட்டும். அது ஒருமுறை இமைத்தாலும் குழாயை மீண்டும் கழற்றுக.