ஷாக் போன வண்டி

வேகத்தடையைத் தாண்டியபிறகும் என் பழைய கார் தலையாட்டிக்கொண்டே போகும். 'ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது' என்றார்கள் ஒரு பட்டறையில். முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன். வண்டி கொஞ்சம் உயர்ந்து நின்றது, ஆட்டம் போகவில்லை.

வேறொரு மெக்கானிக் அண்ணன் வண்டியைக் கிளப்பக்கூட இல்லை. முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். ஒரு தடவை எழும்பி அடங்கவேண்டியது மூன்று தடவை ஆடியது. "ஸ்பிரிங் மேல தப்பில்ல சார், ஷாக் போயிடுச்சு." கழற்றிய ஷாக் அப்சார்பரின் தண்டை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். வாஷர் தேய்ந்த அடிபம்பு மாதிரி சும்மா உள்ளே போனது. புதியது மெதுவாக அழுத்தினால் இறங்கியது. வெடுக்கென்று அழுத்தினால் கையை எதிர்த்தது. என் காரில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டு. ஸ்பிரிங் மாற்றியபோதே இதையும் கழற்றித்தான் இருப்பார்கள். யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. குழியின் அடியை முதலில் வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் சிறு துளைகளில் எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிவந்ததும் தொட்டுப்பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். ஒன்று மட்டும் சில்லென்றிருந்தால் அதைச் சந்தேகிப்பேன்.

சொகுசு எனக்கு இரண்டாம்பட்சம். சக்கரம் துள்ளித் தரையை விட்டெழும் நொடியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பிடிமானம் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி ஆடும் வண்டியை ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் மனசு பதறுகிறது.

அழுத்திப் பார்ப்பதில் முழுசாகப் போனது மட்டுமே சிக்கும். அதனால் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். விட்டுவிட்டுப் பள்ளம் தட்டினால் ஷாக்கையும் பார்க்கச் சொல்வேன். எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் யோசனையே வேண்டாம், அந்த அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்பிரிங் கூட்டை வீட்டில் பிரிக்காதீர்கள். அதற்குரிய கருவியால் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுசாக முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் திருகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் நின்றபிறகே கடைசி முறுக்கு.