மஞ்சள் கரிசாலை வைக்கப் போகிறவர்களுக்கு

புதிதாகத் தோட்டம் போடும் பிள்ளைகள் என்னிடம் கரிசலாங்கண்ணி நாற்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் செடியைச் சரியாக அடையாளம் பாருங்கள். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். வெள்ளைப் பூ கரிசாலை ஒரு பருவத்துச் செடி. விதை விழுந்து தானே முளைக்கும். மஞ்சள் பூ பூப்பதுதான் தரையோடு படர்ந்து, ஆண்டுக்கணக்கில் நிற்பது. நர்சரியில் மஞ்சள் பூவைக் காட்டி வெடிலியாவைக் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர் டெய்சி என்பதும் அதுவே. சாலை நடுவிலும் அடுக்குமாடி வாசலிலும் பளபளவென்று படர்ந்திருக்குமே, அதுதான். பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள். வெடிலியா இலை மினுமினுப்பாக, இரு பக்கமும் காது வைத்தாற்போல மூன்று மடலாக இருக்கும். கரிசாலை இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். வள்ளலார் போற்றிய கீரை என்று நம்பி வெடிலியாவைச் சமைத்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் தெரிந்த சித்த மருத்துவரிடம் ஒரு கொடியைக் காட்டிக் கேளுங்கள்.

2. நடுவதற்கு முன் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். கொடி படர்ந்த பிறகு கோரையை இழுத்தால் கரிசாலையின் வேரும் சேர்ந்து வரும். இந்த வேலையில் சோம்பல் பட்டவர் தோட்டம் எதுவும் உருப்பட்டதில்லை.

3. விதைக்கு அலைய வேண்டாம். மூன்று நான்கு கணு உள்ள தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். செடிக்குச் செடி ஓர் அடி விட்டால் போதும்.

4. இது வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்ந்து பழகிய செடி. ஈரம் காயக் கூடாது. காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடம் உத்தமம். மொட்டை மாடியில் வைப்பதென்றால் ஆழமான தொட்டி வேண்டாம், அகலமான தொட்டி எடுங்கள். கொடி மண்ணைத் தொடும் இடத்தில்தான் கணு வேர் விடும். தொட்டிக்கு வெளியே தொங்கும் கொடி நீளுமே தவிர, வேர் பிடித்து அடர்த்தியாகாது.

5. தொழுவுரம் போதும்.

6. பறிக்கும்போது இலையை மட்டும் கிள்ளாதீர்கள். நுனியோடு நறுக்கினால் பக்கக் கிளை வெடித்துப் பாத்தி மெத்தென்று மூடும். பூ வேண்டுமென்றால் ஒரு பக்கத்தைத் தொடாமல் விடுங்கள். பருப்போடு கூட்டு வைக்க இளந்தழையே நல்லது. வாயில் போடும் கீரை, அதனால் ரசாயன மருந்து பக்கமே போகாதீர்கள். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

7. உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே வெடிலியா இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அந்தக் கொடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வெட்டிய கொடியை ஓடையிலோ குளக்கரையிலோ எறியாதீர்கள். ஒரு கணு கிடந்தாலும் வேர் பிடித்துவிடும். சிமென்ட் தரையில் பரப்பிச் சருகாகக் காயவிட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.