அடையல் தாங்கி: கழிவுநீரிலிருந்து திண்மங்களைப் பிரித்தல்

மாணவர்களே, லிங்கநகரை அடுத்துள்ள திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா உள்ளது. அங்கு மகாவலி கங்கை கடலை அடைகையில் அதன் வேகம் குறைவதால், சுமந்துவந்த மணலும் வண்டலும் படிகின்றன. கைத்தொழிற்சாலைகளின் அடையல் தாங்கியும் இதே தத்துவத்தில் இயங்குகிறது.

தத்துவம்: நீரோட்டம் மெதுவாகும்போது, நீரிலும் அடர்த்தி கூடிய துணிக்கைகள் ஈர்ப்பினால் கீழே படியும்.

வட்ட வடிவத் தாங்கியின் பகுதிகள்
1. நடு நுழைவாய்: கழிவுநீர் அமைதியாக உட்செல்லும்.
2. சுரண்டி: மெதுவாகச் சுழன்று, அடியில் படிந்த சேற்றைக் குழிக்குத் தள்ளும். சேறு அங்கிருந்து பம்பியால் அகற்றப்படும்.
3. விளிம்பு வாய்க்கால்: தெளிந்த நீர் வழிந்து வெளியேறும்.

மிக நுண்ணிய களித் துணிக்கைகள் மறையேற்றம் கொண்டவை. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் எளிதில் படியா. படிகாரம் சேர்த்தால் அலுமினிய அயன்கள் அவ்வேற்றத்தை நடுநிலையாக்கும். துணிக்கைகள் திரண்டு பெரிதாகி விரைவில் படியும்.

கணிப்பு
நீர் மேலெழும் வேகம் = மணிக்கு உட்செல்லும் நீரின் கனவளவு ÷ தாங்கியின் மேற்பரப்பளவு

உதாரணம்: மேற்பரப்பளவு 40 சதுர மீற்றர், மணிக்கு உட்செல்லும் நீர் 20 கன மீற்றர்.
வேகம் = 20 ÷ 40 = மணிக்கு 0.5 மீற்றர்.
மணிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் விழும் துணிக்கை படியும். 0.3 மீற்றர் வேகத்தில் விழுவது நீருடன் வெளியேறக்கூடும். இச்சமன்பாட்டில் ஆழம் இல்லை என்பதைக் கவனிக்க.

முக்கிய குறிப்பு
தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று. கரைந்த உப்புகள் அடையல் தாங்கியில் படியமாட்டா. தமிழ்நாட்டின் திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரின் உப்பு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் மாசுபடுத்தி, விவசாயிகளின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இலங்கையின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கைத்தொழிற் கழிவுநீரில் தொங்கும் திண்மங்கள் லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது என வரையறுக்கப்பட்டது.

பயிற்சி வினாக்கள்
1. மேற்கூறிய தாங்கிக்கு மணிக்கு 32 கன மீற்றர் நீர் வந்தால், மேலெழும் வேகம் யாது?
2. கறியுப்புக் கரைசலை அடையல் தாங்கியால் பிரிக்க முடியாதது ஏன்?

விடைகள்
1. மணிக்கு 0.8 மீற்றர்.
2. உப்பு அயன்களாகக் கரைந்துள்ளது. படிவதற்குத் தொங்கும் துணிக்கைகள் இல்லை.