வைப்பின் தீவுக்குப் போவோம்

கேரளத்தில் எர்ணாகுளம் நகரம் உள்ளது. அதன் எதிரே இருப்பது வைப்பின் தீவு. வாருங்கள், பேருந்தில் போவோம்.

முன்பு எர்ணாகுளத்து மக்கள் படகில் ஏறித்தான் வைப்பினுக்குப் போவார்கள். 2004-இல் மூன்று கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டன. இப்போது பேருந்து பாலங்களின் மேல் செல்கிறது.

இது நீளமான தீவு. மேற்கே கடல். கிழக்கே காயல். வழியெங்கும் தென்னை மரங்கள். அதோ, பொக்காளி வயல்! மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல் அங்கே விளையும். அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள்.

செராய் வந்துவிட்டது. பலர் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாம் இந்த ஊரின் கதையையும் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்தில் இங்கே தீண்டாமை இருந்தது. ஒரு சாதியார் மற்றவரோடு சேர்ந்து உண்ண மாட்டார்கள். ஐயப்பன் என்ற இளைஞர் இந்த ஊர்க்காரர். ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1917-இல் அவர் இங்கே சமபந்தி விருந்து நடத்தினார். ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள்.

அவருடைய சாதியாரே அவரை ஒதுக்கி வைத்தார்கள். "புலையன் ஐயப்பன்" என்று ஏசினார்கள். அவர் கலங்கவில்லை. அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார். பின்னாளில் கொச்சி அரசில் அமைச்சரானார். மக்கள் அவரைச் 'சகோதரன் ஐயப்பன்' என்று அன்போடு அழைத்தார்கள்.

புதிய ஊருக்குப் போனால் அழகை மட்டும் பார்த்தால் போதாது. அங்குள்ள மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சிந்திப்போம்:
நம் ஊர் விருந்தில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்கிறோமா?