கப்பலேறுமுன் செய்யவேண்டிய சோதனை

கேள்வி: பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு விற்க உத்தேசித்திருக்கிறேன். அது திருட்டு வண்டியல்ல என்று எவ்விதம் நிச்சயம் செய்துகொள்வது?

பதில்: விற்பவர் நீட்டும் ஆர்.சி. புத்தகத்தை மாத்திரம் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வண்டியையே பரிசோதிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். முன்புறம் ஹாண்டில் பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை, மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்குப் போகத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்க்கையில், எழுத்துக்களின் ஆழம் ஒன்றுக்கொன்று பேதப்பட்டாலோ, சுற்றியுள்ள உலோகத்தில் அரம் ஓடிய தடம் தென்பட்டாலோ, அவ்விடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தாலோ, எவ்வளவு சொற்ப விலைக்குக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். பழைய புல்லட்டுகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது சகஜம், அம்மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, அரசின் 'வாகன்' இணையப் பதிவோடு எண்களை ஒப்பிட்டு, கடன் பாக்கி ஏதுமில்லை என்று அறிந்த பின், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பதிவெண், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் கொடுத்து, களவுபோன வாகனங்களின் ஏட்டில் இவ்வண்டி இல்லை என்னும் சான்றைப் பெறலாம். புகார் பின்னரும் பதிவாகக் கூடுமாதலால், கப்பலில் ஏற்றும் தறுவாயில் மறுமுறையும் பாருங்கள். திருட்டுப் பொருளென்று நம்பக் காரணமிருந்தும் நேர்மையின்றி அதை வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. முன்னாள் சொந்தக்காரர் எவரையேனும் நேரில் கண்டு, விற்றது மெய்தானா என்று விசாரித்துவிடுவதும் அவசியம்.