மிதிவண்டியின் குரோமிய முலாமும் கிணற்றுத் தண்ணீரும்

முலாம் செதிள் செதிளாக உரிந்து, இடையிடையே துருவேறிய சைக்கிள் கைப்பிடியைக் காணாத கிராமம் இராது. அதன்மேல் அப்படியே வர்ணம் பூசினால் நிலைக்காது. பளபளப்பான குரோமியத்தில் வர்ணம் பற்றுவதில்லை. துருவும் அடியில் பரவிக்கொண்டே போகும். ஆகவே பலர் முலாமை வீட்டிலேயே நீக்க முயலுகின்றனர். முயற்சி நல்லதே. ஆனால் நீங்கிய முலாம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைச் சிலரே கவனிக்கின்றனர்.

இத்தகைய உறுப்புக்களில் இரும்பின்மேல் நிக்கல் படலமும், அதன்மேல் மிக மெல்லிய குரோமியப் படலமும் இருக்கும். அலங்கார முலாமில் குரோமியத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. துருவைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி நிக்கலுடையது. எனவே வர்ணம் பூசுவதற்காக முலாம் முழுவதையும் கரைத்தெடுக்க வேண்டியதில்லை. உரிந்த செதிள்களைச் சுரண்டிவிட்டு, நீரில் நனைத்த எமரித் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துக் கழுவி, நன்கு உலர்ந்தபின் பிரைமரும் வர்ணமும் பூசினால் போதும். நனைத்துத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறாது. விவசாயிக்கு நாம் கூறும் முறை இதுவே.

கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் திராவகமும் குரோமியத்தைக் கரைக்கும். செய்தே தீரவேண்டுமெனில் திறந்த வெளியில், பிளாஸ்டிக் வாளியில், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்க. முதலில் தண்ணீர்; பின்பு அதே அளவு திராவகத்தை அதனுள் மெதுவாக ஊற்றுக. மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கிளம்பும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. அருகில் பீடி நெருப்பும் ஆகாது. குரோமியம் கரைந்ததும் நிக்கலின் சற்றே மஞ்சள் சாயல் தெரியும். உடனே எடுத்துக் கழுவ வேண்டும். தாமதித்தால் இரும்பையும் திராவகம் அரிக்கும். அலுமினியம், துத்தநாக வார்ப்புக்களை இதில் இடலாகாது. ஸ்பிரிங், அச்சு முதலிய கடின எஃகு உறுப்புக்களையும் இடலாகாது. அவை ஹைட்ரஜனை ஏற்று நொறுங்கும் தன்மை அடையும்.

காஸ்டிக் சோடாக் கரைசலில் பாட்டரி மின்சாரம் செலுத்தி முலாம் நீக்கும் முறையை வீட்டில் அறவே கையாளக் கூடாது. அதில் நீர் மஞ்சளாகும். அந்த மஞ்சள், புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியம். திராவகத்தில் தோன்றும் பச்சை நிறக் குரோமியம் அத்துணைக் கொடியதன்று. ஆயினும் கிணற்றுக்கு மருந்தாக இடும் பிளீச்சிங் பவுடர் அதையும் மஞ்சள் வகையாக மாற்ற வல்லது. அன்றியும், பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் திராவகத்தை ஊற்றினால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். பஞ்சாயத்துப் பணியாளர்களுக்கு இதைத் தவறாமல் சொல்லிவைக்க வேண்டும்.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது இந்தியத் தர விதி. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு கைப்பிடியில் ஒரு கிராம் இராது என்பது உண்மையே. வாரந்தோறும் கைப்பிடிகளைக் கழுவும் கடையின் நிலை வேறு. இராணிப்பேட்டையில் குரோமேட்டு ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த கழிவு, பல்லாண்டுகள் கழிந்தும் சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்தது. அது பெரிய ஆலை, நம்முடையது சிறிய வாளி. எனினும் மண்ணுக்குள் இறங்கியதைத் திரும்ப எடுப்பது இரண்டிலும் அரிது.

ஆகையால் உபயோகித்த திராவகத்தை வாய்க்காலிலோ எருக்குழியிலோ கொட்டலாகாது. நீற்றிய சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் திராவகத்தின் வீரியத்தைப் போக்குக. பச்சை வண்டல் அடியில் படியும். நுரைத்தல் அடங்கியபின் நீரையும் வண்டலையும் பிளாஸ்டிக் கேனில் மூடி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியுள்ள முலாம் பட்டறையில் சேர்ப்பிக்க வேண்டும். ஊர்ச் சைக்கிள் கடைகளின் கழிவுநீர் எங்கே போகிறதென்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நேரில் சென்று காணட்டும். கிணற்றருகே மஞ்சள் நீர் தேங்கியிருந்தால், அக்கிணற்று நீரைப் பருகுவதை உடனே நிறுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கு எழுத்துமூலம் அறிவித்து, நீரைப் பரிசோதனைக்கு அனுப்புக.