வேரடி மண்ணோடு பெயரும் கணினி

நுழையும்முன்

வளர்ந்த மரத்தை இடம் மாற்றுவோர் அதனை வெறும் வேரோடு பிடுங்குவதில்லை. வேரைச் சூழ்ந்த மண்ணையும் சேர்த்தே அகழ்ந்தெடுப்பர். பழகிய மண் உடன்வருவதால் மரம் புதிய இடத்திலும் துளிர்க்கிறது. ஒரு கணினியில் நடந்துகொண்டிருக்கும் பணியை மற்றொரு கணினிக்கு மாற்ற முயன்ற அறிஞர்களும் இவ்வுண்மையைத் தம் துறையில் கண்டனர். அம்முயற்சியின் வளர்ச்சியை இப்பாடம் விளக்குகிறது.

கணினிக் கொத்து

தனியொரு கணினியால் விரைந்து முடிக்க இயலாத பெரும்பணியைப் பல கணினிகள் பகிர்ந்து செய்யுமாறு வலையமைப்பால் இணைப்பர். அவ்வமைப்பே கணினிக் கொத்து ஆகும். இதனைக் ‘கிளஸ்டர்’ என்றும் வழங்குவர். 1994ஆம் ஆண்டு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் காடர்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் 16 கணினிகளை இணைத்துப் ‘பியோவுல்ஃப்’ என்னும் கொத்தினை உருவாக்கினர். கடைகளில் கிடைக்கும் எளிய உறுப்புகளைக் கொண்டே பெருங்கணக்கீடுகளைச் செய்யலாம் என்பதை அது காட்டியது.

கொத்தில் ஒரு கணினி சுமை மிகுந்து திணறும்போது மற்றொன்று வேலையின்றி இருக்கக்கூடும். இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பத்து நாள்களாக ஒரு கணக்கீடு நடந்துவருகிறது. இடைநிலை முடிவுகள் எவையும் சேமிக்கப்படவில்லை. அந்நிலையில் அக்கணினியின் குளிர்விப்பான் பழுதடைகிறது எனக் கொள்வோம். பழுதுநீக்கக் கணினியை நிறுத்தினால் பத்து நாள் உழைப்பும் வீணாகும். நிறுத்தாவிடில் கணினியே கெடும். பணியை நிறுத்தாமல் வேறிடத்திற்கு மாற்ற முடிந்தால் இரண்டும் பிழைக்கும்.

செயல்முறை இடப்பெயர்வு

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ‘செயல்முறை’ எனப்படும். நிரல் என்பது ஏட்டில் எழுதிய சமையற்குறிப்பு எனின், செயல்முறை என்பது அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் உணவு. குறிப்பைப் படியெடுப்பது எளிது. வேகும் உணவைப் பதம் கெடாமல் வேறோர் அடுப்பிற்கு மாற்றுவது அரிது. செயல்முறை அதுவரை கணித்தவை நினைவகத்தில் உள்ளன. அது எந்தப் படியில் நிற்கிறது என்பது மையச்செயலகத்தின் பதிவகங்களில் உள்ளது. இவை யாவும் ஒருசேரப் பெயர வேண்டும்.

இப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டவர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்னோன் பராக். 1977இல் அவர் தொடங்கிய ஆய்வின் வழிவந்ததே ‘மோசிக்ஸ்’ என்னும் அமைப்பு. அது சுமை மிகுந்த கணினியிலுள்ள செயல்முறையைச் சுமை குறைந்த கணினிக்குத் தானாகவே மாற்றியது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. செயல்முறை திறந்து வைத்த கோப்புகளும் வலையமைப்புத் தொடர்புகளும் பழைய கணினியின் இயக்க அமைப்போடு பிணைந்திருந்தன. ஆகவே, பெயர்ந்து சென்ற செயல்முறை தன் பழைய இடத்தில் ஒரு பதிலாளை விட்டுச்சென்றது. இயக்க அமைப்பின் உதவி வேண்டும்போதெல்லாம் அப்பதிலாளுக்குக் கோரிக்கை அனுப்பியது. பழைய கணினியை அணைத்துவிட்டால் புதிய இடத்தில் இயங்கும் செயல்முறையும் நின்றுவிடும். கிளை வேறிடத்தில் தழைத்தாலும் வேர் பழைய மண்ணிலேயே இருந்தது.

மெய்நிகர் கணினி

மென்பொருளால் அமைந்த கணினியே மெய்நிகர் கணினி. அதற்கெனத் தனியே மையச்செயலகம், நினைவகம், வட்டு ஆகியவை உள்ளனபோலத் தோன்றும். அதனுள் முழுமையான இயக்க அமைப்பு ஒன்று இயங்கும். இக்கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு ‘விஎம்/370’ என்னும் மெய்நிகர் கணினி அமைப்பை அறிவித்தது. 2007இல் லினக்ஸ் கருவகத்தில் ‘கேவிஎம்’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு மெய்நிகர் கணினி முழுவதும் அடித்தள லினக்ஸுக்கு ஒரு செயல்முறையாகவே காட்சியளிக்கிறது.

இங்கேதான் பழைய சிக்கல் அவிழ்கிறது. மெய்நிகர் கணினியை முழுமையாகப் பெயர்த்தால், செயல்முறையோடு அது சார்ந்திருந்த இயக்க அமைப்பும் உடன்பெயர்கிறது, பதிலாள் தேவையில்லை. பழைய கணினியை அச்சமின்றி அணைத்துப் பழுதுநீக்கலாம். வேரடி மண் உடன்வருவதன் பயன் இதுவே.

முன்நகல் முறை

மண்ணோடு பெயர்க்கும் மரம் கனமானது. மெய்நிகர் கணினியின் நினைவகமும் பெரிது. அதனை நிறுத்திவைத்து நகலெடுத்தால், பயன்படுத்துவோர் நெடுநேரம் காத்திருக்க நேரும். இதற்குத் தீர்வாக அமைந்தது முன்நகல் முறை. 1985இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘வி’ என்னும் அமைப்பில் கையாளப்பட்ட இம்முறை, பின்னர் மெய்நிகர் கணினிகளுக்கும் பொருத்தப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை அறியலாம். நினைவகம் 1000 மெகாபைட். வலையமைப்பு நொடிக்கு 100 மெகாபைட் அனுப்பும். நொடிக்கு 20 மெகாபைட் நினைவகம் மாறிக்கொண்டே இருக்கும் எனக் கொள்க. கணினி இயங்கும்போதே முதற்சுற்றில் நினைவகம் முழுவதும் நகலாகிறது. இதற்கு 10 நொடி. அதற்குள் 200 மெகாபைட் மாறிவிடும். இரண்டாம் சுற்றில் மாறியவற்றை மட்டும் அனுப்ப 2 நொடி. அதற்குள் 40 மெகாபைட் மாறும். மூன்றாம் சுற்றுக்கு 0.4 நொடி, எஞ்சுவது 8 மெகாபைட். இப்போது கணினியை நிறுத்தி, எஞ்சியதை 0.08 நொடியில் அனுப்பிப் புதிய இடத்தில் இயக்கிவிடலாம். முன்னரே நிறுத்தியிருந்தால் 10 நொடி காத்திருக்க வேண்டும். மாறாக, அனுப்பும் வேகத்தைவிட மாறும் வேகம் மிகுந்தால் சுற்றுகள் எத்தனை நிகழ்ந்தாலும் எச்சம் குறையாது.

தெரியுமா?

2005இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸென்’ என்னும் மென்பொருளைக் கொண்டு, பலர் விளையாடிக்கொண்டிருந்த ‘குவேக் 3’ கணினி விளையாட்டின் வழங்கியை இம்முறையில் இடம்பெயர்த்தனர். அது நின்ற நேரம் ஏறத்தாழ 60 மில்லிநொடி மட்டுமே.

எல்லைகள்

இருகணினிகளின் மையச்செயலகங்களும் ஒத்தவையாக இருத்தல் வேண்டும். வட்டு பெரிதாகையால், இரண்டும் அணுகக்கூடிய பொதுச் சேமிப்பகம் இருப்பது நலம். அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு: பெயர்வதற்கும் நேரம் வேண்டும். மின்சாரம் திடீரென அறுந்தால் பெயர்க்க எதுவும் எஞ்சாது. ஆகவே, இடப்பெயர்வு முன்னறிந்த இடருக்கே அரண். எதிர்பாராத இடருக்கு அவ்வப்போது எடுத்துவைக்கும் காப்புநகலே துணை. மரத்தைப் பெயர்க்கத் தெரிந்தவரும் விதையைச் சேமித்து வைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. செயல்முறை இடப்பெயர்வையும் மெய்நிகர் கணினி இடப்பெயர்வையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. பாடத்திலுள்ள எடுத்துக்காட்டில் நினைவகம் மாறும் வேகம் நொடிக்கு 50 மெகாபைட் எனில், மூன்று சுற்றுகளுக்குப்பின் கணினியை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் எனக் கணக்கிடுக.

குறுவினா

1. நிரலுக்கும் செயல்முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மோசிக்ஸ் அமைப்பில் பதிலாளின் பணி என்ன?

நெடுவினா

‘இடப்பெயர்வு காப்புநகலுக்கு மாற்றாகாது’ – இக்கூற்றை முன்நகல் முறையின் இயங்குமுறையோடு பொருத்தி விளக்குக.